பெட்டிக்குள் எந்த எண்?

ய² + ▢ய + 12. இந்தக் கோவை இரண்டு காரணிகளாகப் பிரிய வேண்டும் என்றால் பெட்டிக்குள் வர வேண்டிய எண் எது? சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இது பழகிய கேள்வி. மண்டைதீவிலிருந்து பஸ் ஏறி, பண்ணைப் பாலம் கடந்து, யாழ்ப்பாணத்தில் ரியூசனுக்கு இருக்கிற பிள்ளை அரை நிமிடத்தில் 7 என்று எழுதிவிடும். பெருக்கினால் 12 வர வேண்டும், 3உம் 4உம் எடுத்தாயிற்று; கூட்டினால் 7. காரணிகள் (ய + 3)(ய + 4). வேலை முடிந்தது.

கடைசி வாங்கில் இருக்கிற ஒன்று கையைத் தூக்கும் வரைக்கும்தான் முடிந்தது. "சேர், 8 போட்டாலும் பிரியுதே?"

பிரியத்தான் செய்கிறது. 2உம் 6உம் பெருகினால் 12, கூட்டினால் 8. ஒன்றையும் பன்னிரண்டையும் எடுத்தால் 13. மறை எண்களையும் சேர்த்தால் −7, −8, −13 என்று இன்னும் மூன்று. முழு எண்களுக்குள் மட்டுமே பார்த்தாலும் அந்த ஒரு பெட்டிக்கு ஆறு விடை. பெட்டியைக் கடைசிக்குத் தள்ளி ய² + 7ய + ▢ என்று கேட்டால் நிலைமை இன்னும் மோசம்: 6, 10, 12 என்று தொடங்கி, −8, −18, −30 என்று முடிவே இல்லாமல் போகும். "காரணிகளில் ஒன்று (ய + 3)" என்று கேள்வியிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றது (ய + 4) என்பதும் நடு எண் 7 என்பதும் உறுதியாகும். விடை தனி விடையாக வருவது பிள்ளையின் கெட்டித்தனத்தால் அல்ல, கேள்வி தந்த துப்பால்.

சமய தத்துவக்காரர் நூற்றாண்டுக் கணக்காக முட்டி மோதிய பிரச்சினையும் இதே அச்சில் வார்த்ததுதான். கண்முன்னே பெருக்கம் கிடக்கிறது, காரணி தெரியவில்லை. தெரியாததை எப்போது எழுதலாம்? எழுதியதை எப்போது நம்பலாம்?

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் செய்த சிவஞானபோதத்தின் முதற்சூத்திரம் ஒரு கருதலோடு தொடங்குகிறது. உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. ஆகவே அதை ஒடுக்கி மீண்டும் தோற்றுவிக்கிற ஒருவன் உண்டு. குடத்தைக் கண்டவன் குயவனைக் கருதுவது போல என்பது நியாய நூலார் வழக்கமாகக் காட்டும் உவமை. இந்த வாதத்துக்கு நாத்திகர் மட்டும் மறுப்புச் சொல்லவில்லை. மிகக் கூர்மையான மறுப்பு ஒரு பெரும் பக்தரிடமிருந்து வந்தது. இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தில், செய்யப்பட்ட பொருளைக் கொண்டு செய்தவனைக் கருதினாலும் அவன் ஒருவன்தான் என்று எப்படித் துணிவது என்று கேட்கிறார். பெரிய வேலைகளைப் பலர் சேர்ந்தும் செய்வதில்லையா? பரம்பொருளை அறிய வேதமே வழி, அனுமானம் அல்ல என்பது அவர் முடிவு. பல நூற்றாண்டுகள் கழித்து, 1779இல் வெளியான டேவிட் ஹியூமின் உரையாடல் நூலிலும் இதே கேள்வி வருகிறது: ஒரு கப்பலைக் கட்ட எத்தனை பேர் கூடுகிறார்கள், உலகத்தை மட்டும் ஏன் ஒருவர் கட்டியிருக்க வேண்டும்? ஹியூம் ஐயத்தை நோக்கிப் போனார், இராமானுசர் வேதத்தை நோக்கிப் போனார். இருவரும் புறப்பட்ட இடம் ஒன்று: 12ஐப் பார்த்தவுடன் 3உம் 4உம் என்று சத்தியம் பண்ண முடியாது.

சைவ சித்தாந்திகளுக்கும் இது தெரியாததல்ல. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, முதலில் எடுத்துப் பேசுகிறார். காண்டல், கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு, ஒழிபு, உண்மை, ஐதிகம், இயல்பு என்று பத்தையும் அடுக்கி, அவை முதல் மூன்றுக்குள் அடங்கும் என்கிறார். மூன்றாவதாக நிற்கும் உரை, அதாவது ஆகம வாக்கு, கணக்கில் கொடுக்கப்படும் (ய + 3) செய்கிற வேலையைச் செய்கிறது. கருதல் பல வழிக்கு இடம்விட்ட இடத்தில் உரை ஒரு வழியைக் காட்டும். துப்பைத் தந்தவரை ஏன் நம்ப வேண்டும் என்பது அடுத்த கேள்வி. பௌத்தர் வந்து நிற்பது அங்கேதான்.

பௌத்தரைத் தேடித் தீவுப்பகுதியை விட்டுப் போக வேண்டியதில்லை. மண்டைதீவு தாண்டி அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று போகும் தெரு குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிகிறது. அங்கே போட் ஏறினால் நயினாதீவு. நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் உள்ள தீவு. மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இதுதான் என்பது தீவாரின் உறுதியான நம்பிக்கை. ஆராய்ச்சியாளர் எல்லோரும் அதை ஒப்பவில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆவது காதையில் அளவைவாதி ஒருவன் பத்து அளவைகளைச் சொல்கிறான். அவற்றுள் ஒன்று மீட்சி. இராமன் வென்றான் என்று கேட்டவுடன் இராவணன் தோற்றான் என்று அறிவது அதற்கு உதாரணம். இரண்டு பேர் மட்டும் மோதிய போர் என்பதால்தான் அந்த அறிவு பிழைக்காது. மூன்றாவது ஒருவன் களத்தில் நின்றிருந்தால் மீட்சி சரிந்துவிடும். ஆறு விடைதான் இருக்கலாம் என்று பட்டியல் முடிந்த கணக்கில் ஐந்தைக் கழித்து ஆறாவதைப் பிடிக்கலாம். பட்டியலே முடியாத கணக்கில் கழித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 29ஆவது காதையில் பௌத்த ஆசானான அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கும்போது காண்டல், கருதல் என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொள்கிறார். துப்பு என்று வெளியிலிருந்து எதையும் கடன் வாங்க அவர் தயாரில்லை. தீவில் ஒரே கரையில் இருக்கும் இரு வழிபாட்டிடங்களுக்கும் உள்ள பழைய வழக்கு இதுதான், அங்கே போகிறவர்களில் அதிகம் பேர் இரண்டிலும் கும்பிட்டுவிட்டு வந்தாலும்.

இனிக் கணிதக்காரரிடமே போகலாம். 1114இல் பிறந்த பாஸ்கரர், லீலாவதியை எழுதியவர், பீஜகணிதம் என்ற நூலையும் செய்தார். அதன் கடவுள் வாழ்த்து விசித்திரமானது. அவ்வியக்தம், ஈசன், கணிதம் ஆகிய மூன்றையும் ஒரே தொடரில் வணங்குகிறார். அடைமொழிகள் மூன்றுக்கும் பொருந்தும்படி அமைந்திருக்கின்றன. சாங்கியன் படித்தால் மூலப்பிரகிருதி, பக்தன் படித்தால் இறைவன், மாணவன் படித்தால் அட்சரகணிதத்தின் தெரியாக் கணியம். அந்தக் கணியத்துக்கு அவர் வழங்கும் பெயர் யாவத்தாவத். சுருக்கி 'யா' என்று எழுதுவார்கள். இங்கே ய என்று எழுதுவதும் அந்த வழியில்தான். இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறைக்கு இந்திய மரபில் மத்தியமாகரணம் என்று பெயர், நடு உறுப்பை நீக்குதல். சமன்பாட்டின் இரு பக்கத்தையும் முதல் எண்ணின் நான்கு மடங்கால் பெருக்கி வர்க்கமாக்கும் உபாயத்தைச் சிறீதரருடையது என்று பாஸ்கரர் பெயர் சொல்லியே தருகிறார்.

அந்த நூலில் இரண்டு குரங்குக் கணக்கு உண்டு. முதலாவது: ஒரு கூட்டத்தின் எட்டிலொரு பங்கின் வர்க்கம் காட்டில் துள்ளி விளையாடுகிறது, மிச்சம் 12 குரங்கு மலையில் இருந்து கத்துகிறது, மொத்தம் எத்தனை? சமன்பாடு ய² − 64ய + 768 = 0. காரணிகள் (ய − 16)(ய − 48). பதினாறு என்றால் எட்டிலொன்று 2, வர்க்கம் 4, கூட 12, மொத்தம் 16. நாற்பத்தெட்டு என்றால் 6, வர்க்கம் 36, கூட 12, மொத்தம் 48. இரண்டும் பொருந்துகின்றன. பாஸ்கரர் இரண்டையும் ஏற்கிறார். குரங்குகள் உண்மையில் எத்தனை என்று கணக்கால் சொல்ல முடியாது. மலை ஏறிப் பார்க்கத்தான் வேண்டும்.

இரண்டாவது கணக்கு இன்னும் ருசியானது. கூட்டத்தின் ஐந்திலொரு பங்கில் மூன்றைக் கழித்து, வருவதை வர்க்கமாக்கினால் அத்தனை குரங்கு குகைக்குள் போய்விட்டது. ஒன்று மட்டும் கிளையில் தெரிகிறது. ய² − 55ய + 250 = 0. காரணிகள் (ய − 50)(ய − 5). ஐம்பது சரியாக வருகிறது: 10இல் மூன்று போக 7, வர்க்கம் 49, கிளையில் 1. ஐந்தை வைத்துப் பார்த்தாலும் கணக்கு உதைக்கவில்லை. ஐந்திலொன்று 1, மூன்று போனால் −2, வர்க்கம் 4, கிளையில் 1, ஆக 5. பாஸ்கரர் இந்த விடையைத் தள்ளிவிடுகிறார். கண்ணால் காணும் பொருள் மறை எண்ணாக இருப்பதில் உலகத்தாருக்கு நம்பிக்கை இல்லை என்பது அவர் காட்டும் காரணம்.

இதைப் பழங்காலத்தவரின் கூச்சம் என்று நினைப்பது தவறு. மறை எண்களைக் கூட்டவும் பெருக்கவும் இந்தியக் கணிதத்தில் விதி ஏற்கெனவே இருந்தது. 628இல் பிரம்மகுப்தர் எழுதி வைத்துவிட்டார். பாஸ்கரருக்கும் அதில் தடுமாற்றம் இல்லை. அவர் பிரித்துக் காட்டியது வேறு. கணக்கு ஒரு விடையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. கேட்ட கேள்விக்கு அது விடையா என்று பார்ப்பது இன்னொரு வேலை. மைனஸ் இரண்டு குரங்கு குகைக்குள் போகாது. சமன்பாட்டுக்கு இது தெரியாது, கேட்டவருக்குத் தெரியும்.

இந்தக் காவல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் சண்டை இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல்குவாரிஸ்மி, ஒரு சதுரத்தோடு அதன் பக்கத்தைப் பத்து மடங்கு கூட்டினால் 39 என்ற கணக்கைப் படம் போட்டே தீர்த்தார். சதுரத்தின் இரண்டு பக்கத்திலும் ஐந்து ஐந்து அகலத்துக்குப் பட்டை ஒட்டினால் ஒரு மூலை வெறுமையாக நிற்கும். அதன் அளவு 25. அதை நிரப்பினால் 64, எட்டின் வர்க்கம். ஆகவே பக்கம் 3. இன்னொரு விடையான −13ஐ அவர் பேசவே இல்லை, ஏனென்றால் படத்தில் அதற்கு இடமில்லை. 1545இல் இத்தாலியரான கார்டானோ தமது பெருநூலில் ஒரு கேள்வி போட்டார்: பத்தை இரண்டாகப் பிரி, பெருக்கினால் 40 வர வேண்டும். ரியூசன் வகுப்புப் பிள்ளை செய்கிற அதே காரணிப் பயிற்சி. கூட்டினால் 10, பெருக்கினால் 40. எந்த எண்ணும் அகப்படாது. ஐந்தும் ஐந்தும் பெருகினாலே 25தான். கார்டானோ விடாமல், −15இன் வர்க்கமூலத்தை ஐந்தோடு கூட்டியும் ஐந்திலிருந்து கழித்தும் எழுதிப் பெருக்கிப் பார்த்தார். நாற்பது வந்தது. நுணுக்கமானது, உபயோகமற்றது என்று தாமே எழுதிவைத்தார். உபயோகமற்றது என்பதில் அவர் பிழை. இன்று ஆடலோட்ட மின்சாரத்தைக் கணக்கிடும் எந்தப் பொறியியலாளரும் அந்தக் கற்பனை எண் இல்லாமல் வேலை செய்வதில்லை. உலகத்தார் நம்பாத விடை நாளைக்கு நம்பப்படலாம். அதற்காக, எண்ணிப் பார்க்கிற குரங்கு மைனஸ் இரண்டாகிவிடாது.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி ஏட்டோடு நிற்கவில்லை. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் செமினரி தொடங்கினார்கள். தலைவராக இருந்த டானியல் பூர், கணிதமும் வானியலும் சைவத்தை ஆட்டங்காண வைக்கும் என்று உறுதியாக நம்பினார். 1829இல் வந்த சந்திர கிரகணத்தை அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் ஒரு நேரத்துக்குச் சொல்ல, பூர் இன்னொரு நேரத்துக்குக் கணித்தார். பூரின் கணக்குத்தான் பொருந்தியது என்று மிஷன் தரப்பு நூல்கள் மகிழ்ச்சியோடு பதிந்திருக்கின்றன. நேரம் தப்பிய பஞ்சாங்கத்திலிருந்து பொய்யான தெய்வம் என்ற முடிவுக்குத் தாவுவது எவ்வளவு பெரிய தாவல் என்று அவர்களுக்குப் படவில்லை. கிரகணம் ஒரு சமன்பாட்டை மட்டும் சரிபார்த்தது.

அந்தச் செமினரியில் படித்து அங்கேயே கற்பித்தவர் வைரவநாதர் விசுவநாதபிள்ளை. கிறிஸ்தவரானபின் கறோல் என்ற பெயரும் சேர்ந்தது. பிறப்பு 1820, இறப்பு 1880. தமிழில் வீசகணிதம் என்ற அட்சரகணித நூலை 1855இல் அச்சேற்றியவர் இவர்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். மற்றவர் பிற்காலத்தில் சங்க நூல்களைத் தேடிப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை. தீவுப்பகுதியிலோ வலிகாமத்திலோ இன்று பள்ளிக்கூடத்தில் மூவுறுப்புக் கோவையைத் தமிழிலேயே பிரித்துப் படிக்கிறார்கள் என்றால், அந்த வழியில் முன்னே போனவர்களில் ஒருவர் இவர். அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்று இன்னும் சிலர் கேட்டுக்கொண்டிருப்பது வேடிக்கை.

அதே மனிதர் சமயப் போரிலும் இறங்கினார். ஆறுமுக நாவலர் 1854இல் சைவதூஷண பரிகாரம் வெளியிட, விசுவநாதபிள்ளை கிறிஸ்தவ பட்சத்தில் நின்று சுப்பிரதீபம் எழுதிச் சைவத்தைக் கண்டித்தார். பிறகு நாவலரோடு பழகிச் சைவத்துக்குத் திரும்பினார். சிவனை நிந்தித்த பாவத்துக்குப் பிராயச்சித்தமாகச் சிதம்பரத்தில் பொன்னூசியைக் காய்ச்சி நாவிற் சூடிட்டுக்கொண்டார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இந்த வாழ்க்கையை வைத்து இரு தரப்பும் தங்களுக்கு வேண்டிய விடையை எழுதிக்கொண்டன. கணிதம் அவரைக் கிறிஸ்துவிடம் கொண்டுபோனது என்று ஒரு காலத்தில் சொல்லியிருக்கலாம். நல்ல தருக்கம் அவரைச் சிவனிடம் மீட்டது என்று பின்னர் சொன்னார்கள். இரண்டுக்கும் ஆதாரம் போதாது. சுப்பிரதீபம் எழுதிய நாளிலும் சிதம்பரம் போன நாளிலும் அவருக்குத் தெரிந்த வீசகணிதம் ஒன்றுதான். ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் காரணிகள் இரு தடவையும் 3உம் 4உம்தான். மாறியது அவர் ஏற்றுக்கொண்ட துப்பு, உரை. செமினரி எதிர்பார்த்ததைக் கணிதம் செய்யவில்லை, செய்யவும் முடியாது. செமினரி 1855இலேயே மூடப்பட்டது. சைவர்களோ அதே கணிதத்தைத் தங்கள் பள்ளிக்கூடங்களில் கூசாமல் படிப்பித்தார்கள்.

கருதலைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. பத்து அளவைகளில் அபாவம் என்று ஒன்று இருந்ததே, அது மண்டைதீவில் ஏட்டுச் சமாசாரம் அல்ல. இல்லாமையை அறிவது எப்படி என்று நியாய நூலார் நுட்பமாக வகுத்திருக்கிறார்கள். தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கிய சிவஞான முனிவர் வழி வந்த பாகுபாட்டில் இல்லாமை நான்கு. குடம் வனையப்படும் முன் இல்லாதது முன்னபாவம். உடைந்தபின் இல்லாதது அழிவுபாட்டபாவம். எக்காலத்தும் இல்லாதது முழுதுமபாவம். குடம் துணி அல்ல என்பது ஒன்றினொன்றபாவம்.

1990ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் இராணுவம் தீவுப்பகுதியில் இறங்கி மண்டைதீவு வழியாக யாழ்ப்பாணக் கோட்டையை நோக்கி நகர்ந்தபோது, மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடிக்கப்பட்ட பலர் வீடு திரும்பவில்லை. அவர்களின் இல்லாமை இந்த நான்கில் எது? அழிவுபாடு என்று எழுத உடல் வேண்டும், இடம் வேண்டும், நாள் வேண்டும். மற்ற மூன்றும் பொருந்தவே பொருந்தாது. நியாய நூலாருக்கு இப்படி ஒரு ஐந்தாவது இல்லாமை தேவைப்படவில்லை. இலங்கை அரசுக்குத் தேவைப்பட்டது. 2016இல் மரணப் பதிவுச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. இறந்தார் என்று சொல்லாமல், ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் பத்திரத்தைக் குடும்பங்கள் பெற அது வழிசெய்தது. அதே ஆண்டு 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமல் போனோர் அலுவலகமும் உருவாக்கப்பட்டது.

குறை சொல்ல எத்தனையோ உண்டு என்றாலும், தருக்க நோக்கில் அந்தப் பத்திரம் நேர்மையானது. தெரியாத இடத்தைத் தெரியாது என்றே விட்டிருக்கிறது. அதற்கு நேர்மாறானது 2020 ஜனவரியில் நடந்தது. காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஐக்கிய நாடுகளின் கொழும்பு இணைப்பாளரிடம் சொன்னார். பெட்டிக்குள் ஒரு விடை எழுதப்பட்டது. செய்கை வழி எதுவும் காட்டப்படவில்லை. ஆறு விடைக்கு இடமுள்ள கேள்விக்கு ஒன்றை எழுதுகிறவர் மற்ற ஐந்தும் ஏன் இல்லை என்று காட்டக் கடமைப்பட்டவர். ஆட்களைப் பிடித்துப்போன தரப்பின் கையிலேயே ஆவணங்கள் இருக்கும்போது அந்தக் கடமை இன்னும் கூடும்.

குடும்பங்கள் அந்த விடையை ஏற்கவில்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய தொடர் போராட்டம் அந்த அறிவிப்புக்குப் பிறகும் நிற்கவில்லை. பிடித்தது யார், எங்கே கொண்டுபோனார்கள், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்ற மூன்றையும்தான் அங்கே இருந்த தாய்மார் கேட்டார்கள்.